தெரோபோடா: இலை தின்னும் ‘ஊனுண்ணி’

அக்கா மகன் டைனோசர் படப்புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையில் அரிவாள் அரிவாளாய் நகம் வைத்த ஒரு பெரிய உருப்படி, மரக்கிளையை வளைத்து இலை தின்றுகொண்டிருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் ‘ஊனுண்ணி வகை’. “மாமா, ஊனுண்ணின்னா கறி திங்கிறதுதானே? இது ஏன் தழை திங்குது?” என்றான். நான் என்ன சொல்ல?

படத்தில் இருந்தது தெரிசினோசாரஸ். மங்கோலியாவில் கிடைத்த நகங்களை வைத்து மலேயெவ் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1954-இல் பெயரிட்டது. ஏதோ ராட்சத ஆமை மாதிரி என்றுதான் முதலில் நினைத்தார். உறவினங்களின் மண்டையோடுகள் கிடைத்த பிறகு பார்த்தால் பற்கள் இலை வடிவில் இருந்தன, தழை மேயும் பற்கள். ஆனாலும் அது, டைரனோசாரஸ் போல இரண்டு காலில் நடந்த டைனோசர்களின் கூட்டமான தெரோபோடாக் குலத்தைச் சேர்ந்ததுதான். படம் சரி, வகைப்பாடும் சரி. கோளாறு தமிழாக்கத்தில்: ‘தெரோபோடா’ என்று கண்ட இடத்திலெல்லாம் ‘ஊனுண்ணி டைனோசர்’ என்று போட்டுவிடுகிறார்கள். காணொளிகளிலும் இதே கதைதான், கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சொல்லின் பிறப்பு எளிது. 1881-இல் அமெரிக்கரான மார்ஷ் வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘தேர்’ என்றால் காட்டு விலங்கு, ‘போடு’ என்றால் பாதம். விலங்குப் பாதம், அவ்வளவுதான். ஊனும் இல்லை, உண்ணலும் இல்லை.

அப்படியானால் நேராக மொழிபெயர்த்தால் என்ன? அரிமா, பரிமா போல ‘மா’ என்றால் விலங்கு. ஆகவே ‘மாவடி’ என்று தனித்தமிழ் நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். இலக்கணம் சுத்தம். ஆனால் மாவடி என்றால் யாருக்கும் மாமரத்தடிதான் தெரியும், எனக்கு மாவடு ஊறுகாயும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. தெரோபோடாக்களின் தடம் அச்சு அசலாகப் பறவைத் தடம், மூன்று விரல் முன்னால். தமிழில் அதற்குப் ‘புள்ளடி’ என்று அருமையான சொல் இருக்கிறது. இலங்கையில் வாக்குச்சீட்டில் போடும் குறிக்குக்கூட அதுதான் பெயர். ஆனால் அதே மார்ஷ் அதே ஆண்டில் ‘பறவைப் பாதம்’ என்று பொருள்படும் ஆர்னிதோபோடா என்ற பெயரைத் தழை தின்னும் வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். பறவைகள் வந்ததோ ‘விலங்குப் பாத’க் கூட்டத்திலிருந்து! பெயரைப் பொருள் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இங்கே வழுக்காத படியே கிடையாது.

குலப்பெயர் வேறு, குணப்பெயர் வேறு. பொன்னுசாமி வீட்டில் பொன் இருந்தாக வேண்டுமா? ‘தெரோபோடா’ சொல்வது பிறப்பு வழியை. ‘ஊனுண்ணி’ சொல்வது சாப்பாட்டை. பெருந்தெரோபோடாக்கள் பெரும்பாலும் ஊன் தின்றவைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் தழை தின்றதும் உண்டு, பல்லே இல்லாத அலகோடு திரிந்ததும் உண்டு. பாலூட்டிகளில் இதே கூத்து ஏற்கெனவே நடந்தாயிற்று: கார்னிவோரா வரிசையை ‘ஊனுண்ணிகள்’ என்று பெயர்த்துவிட்டு, மூங்கில் மெல்லும் பாண்டாவை அதற்குள் வைத்துக்கொண்டு விழிக்கிறோம்.

இதைவிட மோசம் ‘கார்னோசார்’. 1920-இல் ஜெர்மானியர் ஃபொன் ஹூனே ஆக்கிய கார்னோசாரியா என்ற பெயருக்கு ‘ஊன் பல்லி’ என்றுதான் பொருள். ஒரு காலத்தில் பெரிய உடம்பும் பெரிய பல்லும் உள்ள எதையும் அந்த மூட்டையில் போட்டுக் கட்டினார்கள், டைரனோசாரஸ் உட்பட. 1990-களில் எலும்புகளை ஒப்பிட்டுக் கிளைவழி பார்த்தபோது மூட்டை அவிழ்ந்தது. அலோசாரஸ் என்ற இன்னொரு பெரிய ஊனுண்ணி உள்ளே நின்றது. டைரனோசாரஸ் பறவைகள் இருக்கும் கிளைக்குப் போயிற்று. இன்றைய கணக்குப்படி டைரனோசாரசுக்கு அலோசாரசைவிட உங்கள் வீட்டுத் தாழ்வாரத்துச் சிட்டுக்குருவி நெருங்கிய சொந்தம். கார்னோசாரை ‘ஊனுண்ணிப் பல்லி’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘டைரனோசாரஸ் ஊனுண்ணிப் பல்லி அல்ல’ என்று எழுதிப் பாருங்கள். வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

நம்மூர் உதாரணமே இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு பாறையடுக்கில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அவர்கள் அதைக் கார்னோசார் என்றே வகைப்படுத்தினார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! டைரனோசாரசுக்கே அது ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிறகு மறு ஆய்வில் அது நீள்கழுத்துத் தழையுண்ணியான சாரோபோடு என்று ஆயிற்று. மூல எலும்புகள் பொடிந்துபோய்விட்டதால் படங்களும் குறிப்புகளுமே மிச்சம். ‘கார்னோசார்’ என்று விட்டிருந்தால் ஒரு பெயரை மாற்றியதோடு போயிருக்கும். ‘ஊனுண்ணி’ என்று பெயர்த்தவர்களால், ‘அரியலூரில் உலாவிய கொலைகார ராட்சதன்’ என்று சென்ற மாதம்கூட ஒரு காணொளியில் கேட்டேன். பாவம், அது வாழ்நாள் முழுக்கத் தழை மேய்ந்த பிராணி.

தமிழ்ச்சொல் ஆக்குவதை நான் எதிர்ப்பவன் அல்ல. இரைகௌவி, தழையுண்ணி, இருகாலி, இடுப்பெலும்பு, தடம், படிவு என்று வேண்டிய மட்டும் தமிழில் எழுதலாம், எழுத வேண்டும். குலத்தின் பெயரை மட்டும் பெயராகவே விடுங்கள்: குலத்துக்குத் தெரோபோடா, தனி விலங்குக்குத் தெரோபோடு. அந்தப் படத்தின் கீழே ‘தழை தின்னும் தெரோபோடு’ என்று இருந்திருந்தால் பையன் என்னிடம் வந்திருக்கவே மாட்டான்.

சொல்லைக் கேட்டதும் அவன் “தெரோ… போடா!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் எழுப்பிக் கேட்டபோது எழுத்துப் பிசகாமல் சொன்னான்.