ஸ்பீக்கருக்கு பிரேக் போடுவது யார்?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பூர்வீக வீட்டைச் சரிசெய்து, பாட்டு கேட்பதற்கென்றே பெரிய ஹாலில் வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்தேன். 4 ஓம், 85 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. 300பி வால்வு போட்ட 8 வாட் ஆம்ப்ளிஃபையரில், 8 ஓம் என்று எழுதிய முனையில் மாட்டியிருக்கிறேன். குரல் தேனாக இருக்கிறது. வீணையில் அடித் தந்தியான அனுமந்தரத்தை மீட்டினால் மட்டும் பொம்மென்று ஊதிக்கொண்டு நிற்கிறது. கேபிளை மாற்று என்கிறார்கள் நண்பர்கள். மீட்டர் நாற்பதாயிரம் ரூபாயாம். வாங்கலாமா?”

வேண்டாம். கோளாறு கேபிளில் இல்லை. ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் சரியில்லை. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் என்ற காரைக்குடி சகோதரர்களின் பெயர் சொல்லும் ஊரில் வீணை இப்படி ஊதிக்கொண்டு நிற்பது நியாயமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஸ்பீக்கரின் அடிப்படை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், அதாவது வாய்ஸ் காயில். அதோடு ஒட்டிய கோன். சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் போனால் கோன் முன்னும் பின்னும் ஆடும், காற்று அசையும், காதில் விழும். 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் வெளியிட்ட அமைப்பு இது. நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை, விலைதான் மாறியிருக்கிறது.

அட்டையில் போட்டிருக்கும் 4 ஓம் பெயரளவுக்குத்தான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சுருளின் மின்தடை 3 ஓம் சொச்சம் காட்டும். பாட்டு ஓடும்போது அதே ஸ்பீக்கர் ஒரு சுருதியில் 3.2 ஓமாகவும் இன்னொரு சுருதியில் 25 ஓமாகவும் ஆம்ப்ளிஃபையருக்குத் தெரியும். கம்பி அதே கம்பி. அப்புறம் எப்படி 25 ஓம்?

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கேயோ, கோன் மாற்றித்தரும் ரிப்பேர் கடையிலோ கழற்றிப் போட்ட வூஃபர் (கீழ்ச்சுருதிக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒன்றைக் கையில் எடுங்கள். காந்தம் கனமாக இருக்க வேண்டும். பழைய வால்வு ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. பின்னால் எந்த வயரும் இருக்கக் கூடாது. கோனின் நடுவில் விரலால் லேசாகத் தட்டுங்கள். ‘டொம்ம்’ என்று கொஞ்சம் இழுத்து அடங்கும். இப்போது பின்னாலுள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் நேராக இணைத்துவிட்டு அதே இடத்தில் தட்டுங்கள். ‘தப்’. அவ்வளவுதான், இழுவையே இல்லை. விரலுக்குக்கூடக் கோன் கொஞ்சம் கனத்துவிட்டது போலிருக்கும். (ஆம்ப்ளிஃபையரின் முனைகளை இப்படி இணைத்துவிடாதீர்கள், புகை வரும்.)

மின்சாரமே இல்லாத ஸ்பீக்கரில் ஒரு துண்டு வயர் எப்படி பிரேக் போட்டது? கோன் ஆடும்போது சுருளும் காந்தப்புலத்தில் ஆடுகிறது. புலத்தில் கம்பி அசைந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும், ஃபாரடே சொன்னபடி. அதாவது, ஸ்பீக்கர் அந்த நேரத்தில் ஒரு குட்டி டைனமோ. முனைகள் திறந்திருந்தால் அந்த மின்னழுத்தத்துக்குப் போக வழியில்லை. வயரால் இணைத்ததும் மின்னோட்டம் சுற்றி வருகிறது. அந்த மின்னோட்டம் லென்ஸ் விதிப்படி, தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்துத் தள்ளும். பிரேக் விழுந்துவிட்டது.

வீட்டில் இந்தத் துண்டு வயரின் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபையர்தான். ஊஞ்சலைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்கும். தந்தியை மீட்டி முடித்த பிறகும் கோனுக்கு அதே ஆசை உண்டு. ஆம்ப்ளிஃபையரின் உள்தடை குறைவாக இருந்தால், சுருளில் பிறக்கும் மின்னோட்டம் தாராளமாகச் சுற்றி வந்து கோனைப் பிடித்து நிறுத்திவிடும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் உள்தடை 0.04 ஓம் அளவில் இருக்கும். எதிர்-ஊட்டம் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாத 300பி ஆம்ப்ளிஃபையரில், 8 ஓம் முனையில், 2.5 ஓம் பக்கம் இருப்பது சகஜம்.

முன்னால் கேட்ட 25 ஓமுக்கும் விடை இதுதான். வூஃபருக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. பல ஸ்பீக்கர்களில் அது 50, 60 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். அங்கே கோன் குஷியாக ஆடுகிறது. அதிகம் ஆடினால் அதிகம் எதிர்-மின்னழுத்தம். உள்ளே வர முயலும் மின்னோட்டத்தை அது மறிப்பதால் வெளியிலிருந்து பார்க்க 25 ஓம் போலத் தெரிகிறது. அந்த ஓமெல்லாம் கம்பியில் இல்லை, அசைவில் இருக்கிறது. கோனை அசையாமல் கையால் பிடித்துக்கொண்டு அளந்தால் அந்த 25 ஓம் மேடே காணாமல் போய்விடும்! இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

சரி, வாசகரின் வீணைக்கு வருவோம். மூன்று கட்டை சுருதி வைத்தால் அனுமந்தரம் 60 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் பேசும். மேடு இருக்கும் அதே இடம். மின்னழுத்தம் ஆம்ப்ளிஃபையரின் 2.5 ஓமுக்கும் ஸ்பீக்கருக்கும் பங்கு பிரிகிறது. ஸ்பீக்கர் 25 ஓமாக நிற்கும் இடத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்கே கிடைக்கும். 3.2 ஓமாக இறங்கும் சுருதிகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான். கணக்குப் போட்டால் நாலு டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். அடித் தந்தி அத்தனை தூக்கலாகக் கேட்கிறது, பிரேக்கும் தளர்ந்திருக்கிறது. பொம்மென்று நிற்காமல் என்ன செய்யும்?

அப்படியானால் உள்தடை குறையக் குறைய நல்லதா? விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. டாம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்ப்ளிஃபையரின் உள்தடையால் வகுத்த எண்) 1000, 2000 என்று பெருமையடிக்கின்றன. மின்னோட்டம் சுற்றும் பாதையில் சுருளின் சொந்தத் தடை 3.2 ஓம் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. அதோடு 0.04 சேர்ந்தால் 3.24, 0.004 சேர்ந்தால் 3.204. இந்த வித்தியாசத்தை எந்தக் காதாலும் பிடிக்க முடியாது.

கேபிளையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். சாதாரண 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 மீட்டர் தூரத்துக்கு, போக வர 20 மீட்டருக்கு, 0.16 ஓம் வரும். 2.5 ஓம் உள்தடைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. மெல்லிய 0.5 வயர் போட்டால் 0.8 ஓமை நெருங்கும், அது கூடாது. அவ்வளவுதான் கேபிள் சாஸ்திரம். சில விலை உயர்ந்த கேபிள்களில் ‘இந்தத் திசையில் மாட்டவும்’ என்று அம்புக்குறி வேறு. 1000 ஹெர்ட்ஸ் ஓசையில் மின்னோட்டம் விநாடிக்கு 2000 முறை திசை மாறுகிறது. அம்புக்குறியை அது எப்போது படிக்கும்? ராகுகாலம் பார்த்து ஆம்ப்ளிஃபையரைப் போடும் பெரியவரைப் பார்த்துச் சிரிப்பவர்களே இதை வாங்குகிறார்கள். பெரியவருக்கு அதில் செலவாவது ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

பெட்டியையும் வூஃபரையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லேயே எழுதிவிட்டார். உலகம் கவனிக்கப் பத்து வருஷம் ஆனது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை வளர்த்தெடுத்தார். இன்று எந்தக் கம்பெனி ஸ்பீக்கரும் அந்தக் கணக்கில்தான் பிறக்கிறது. உடனே லாபம் காட்டாத ஆராய்ச்சிக்கு யாராவது காசு போட்டே ஆகவேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்ததால்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறந்தது. மீட்டர் நாற்பதாயிரத்துக்குக் கேபிள் வாங்கும் கையிருப்பில் ஒரு பங்கு நம் கல்லூரிகளின் ஒலியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் நான் சந்தோஷப்படுவேன்.

திறன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபெல் என்பது வழக்கமாக 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் அளப்பது. 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். ஆக ஒரு வாட்டுக்கு 82-தான். 8 வாட்டையும் பிழிந்தால் 91. நாலு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதிலும் குறையும். நிதானமாகக் கேட்கும்போதே மிருதங்கத்தின் அடி சராசரியைவிட 15, 20 டெசிபெல் எகிறும். அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபையருக்கு மூச்சு முட்டி, அலையின் தலை தட்டையாகிவிடும்.

இன்னொரு குற்றவாளி வீடு. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், பெல்ஜியம் கண்ணாடி என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்பும் சாமான்கள். 15 மீட்டர் நீளம், 6 அகலம், 5 உயரம் உள்ள ஹாலில் பரப்புகள் சராசரியாக நூற்றுக்கு 3 பங்கு ஒலியை மட்டும் விழுங்கினால், வாலஸ் சாபினின் சூத்திரப்படி எதிரொலி அடங்க 6 விநாடி ஆகும். இசை அரங்குகளுக்கே 2 விநாடி தாராளம். சாபின் ஒலி உறிஞ்சுதலுக்கு அலகாக வைத்துக்கொண்டது திறந்த ஜன்னலை, ஏனென்றால் வெளியே போன ஒலி திரும்புவதில்லை. வானம் பார்த்த வளவு (நடு முற்றம்) அந்தக் கணக்கில் மகா ஜன்னல். மழைக்குப் பயந்து அதன் மேல் ஷீட் போட்டிருந்தால், அந்த ஜன்னலை மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இனி வாசகர் செய்யவேண்டியது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, வயரை 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றுகள் குறைவதால் உள்தடை பாதியாகும். 4 டெசிபெல் ஏற்றம் இரண்டரைக்குள் வந்துவிடும். செலவு இல்லை. அடுத்து, ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் கனமான ஜமக்காளம், எதிர்ச்சுவரில் திரை; எதிரொலி குறையும். இத்தனைக்குப் பிறகும் அனுமந்தரம் அடங்கவில்லை என்றால் வால்வைக் கைவிட்டு டிரான்சிஸ்டருக்கு மாற மனசு வரவேண்டும். கடையில் 8 ஓமில் எத்தனை வாட் என்று கேட்காதீர்கள், 4 ஓமில் எத்தனை என்று கேளுங்கள். 8-ல் 60 வாட் தருவது 4-ல் 100-ஐத் தாண்டினால், உங்கள் ஸ்பீக்கர் 3.2 ஓமுக்கு இறங்கும் இடத்திலும் மின்னோட்டம் கொடுக்க அதனிடம் தெம்பு இருக்கிறது.