தோற்றத்துக்கு எத்தனை மார்க்?

ஆள் எடுக்கும் மேலாளர்களுக்கு நேர்காணல் நடத்தச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். மதிப்பெண் தாளில் ‘தோற்றம்’ என்று ஒரு கட்டம் இருந்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும். ஒருமுறை ஒரு மேலாளர், வேலை கேட்டு வந்த பையனுக்கு அதில் பத்துக்கு மூன்று போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “ஒண்ணுமில்லை மேடம், நம்ம கடைக்கு செட் ஆகாது” என்றார். எது செட் ஆகாது? பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார், பதில் வரவில்லை.

அவரிடம் அமெரிக்காவின் அபெர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் கதையைச் சொன்னேன். வேட்டைக்கும் முகாமுக்கும் சாமான் விற்ற பழைய கடை அது. 1992-ல் மைக் ஜெஃப்ரிஸ் தலைமைக்கு வந்தபின் இளசுகளின் துணிக்கடையாக மாறியது. வாசலில் சட்டையில்லாத இளைஞர்கள், உள்ளே மங்கல் வெளிச்சம், காதைப் பிளக்கும் பாட்டு. துணி விற்க இப்படியும் ஒரு வழி! 2002-ல் ஆசியர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த டி-ஷர்ட்களை விட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். எங்கள் துணி அழகான, நாலு பேருக்குப் பிடித்த பிள்ளைகளுக்குத்தான், மற்றவர்களை ஒதுக்கத்தான் செய்கிறோம் என்ற பொருளில் 2006-ல் ஜெஃப்ரிஸ் பேட்டியே கொடுத்தார். அது 2013-ல் மறுபடி வெளியே வந்து ஊரே திட்டியது. மறு வருடக் கடைசியில் அவர் பதவியை விட்டார்.

ஊர் பேசியது இதைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது கடையின் பின்கட்டு. விற்பனை ஊழியர்களை அங்கே ‘மாடல்’ என்றுதான் அழைத்தார்கள். கறுப்பின, லத்தீன், ஆசிய வம்சாவளி இளைஞர்கள் வேலை கேட்டால் ஒன்று திருப்பி அனுப்பினார்கள், இல்லையென்றால் வாடிக்கையாளர் கண்ணில் படாத சரக்கறைக்குத் தள்ளினார்கள் என்று 2003-ல் வழக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, மறு வருடம் சுமார் 4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

அதற்கு அப்புறமும், ஊழியர் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் அவர்களுடைய ‘தோற்ற விதி’ போகவில்லை. 2008-ல் ஓக்லஹோமாவில் ஒரு முஸ்லிம் பெண் தலைமுக்காடுடன் நேர்காணலுக்கு வந்தார். நேர்காணல் நடத்தியவர் போட்ட மார்க், வேலைக்கு எடுக்கப் போதுமானது. ஆனால் மேலதிகாரி, விதிப்படி தலையில் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சலுகை கேட்கவே இல்லையே என்று கம்பெனி வாதாடியது. எடுபடவில்லை. மத வழக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டிவருமே என்பதற்காக ஒருவரைத் தட்டிக்கழிப்பதே சட்டவிரோதம் என்று 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சொன்னது.

“அப்போ உடை விதியே வைக்கக் கூடாதா?” என்றார் நம் மேலாளர். வைக்கலாம். சுத்தம், சீருடை, பாதுகாப்புக் காலணி எல்லாம் சரி. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். அது ஒருவருக்கு இடித்தால், மார்க்கைக் குறைக்காமல் அவரிடமே கேளுங்கள். தாளைத் திருப்பிக் கொடுத்து, அந்த மூன்றுக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றை அடித்துவிட்டு, அந்தப் பையனின் போன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.