சொல் விளக்கம்: தாவரச் சேர்மம்

போன மாதம் காட்பாடியிலிருந்து பெரியப்பா ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தார். சர்க்கரைக்காகப் போன இடத்தில் வயிற்றையும் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். கடைசி வரியில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இருந்தது. "இன்னாபா இது, எனக்குக் கொழுப்புன்னு எழுதி வெச்சிருக்காங்க?" என்றார். அப்புறம் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த மஞ்சள் காப்ஸ்யூல். "இயற்கைதானே, இன்னா ஆவப்போவுது?" என்றார். அந்த ரிப்போர்ட்டில் ஒரு சொல், இந்த டப்பாவில் ஒரு சொல். இரண்டையும் அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ரிப்போர்ட். தமிழில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள். 'உனக்குக் கொழுப்பா?' என்று கேட்டால் யாரும் ரத்தப் பரிசோதனைக்கு ஓட மாட்டார்கள். அதனால் 'கொழுப்புக் கல்லீரல்' என்று நேராக மொழிபெயர்த்தால், நோயாளியின் மேல் பழி சொல்வது போல ஆகிவிடுகிறது. இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் இல்லை. 2023ல் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் பல கூடி, 'ஃபேட்டி' என்ற சொல் நோயாளிகளைக் கூசவைக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, நோயின் பெயரையே மாற்றின. இப்போது 'ஸ்டியாடோட்டிக்' என்கிறார்கள். அதுவும் உறைந்த கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான், கேட்பவருக்கு உறைப்பதில்லை, அவ்வளவே. தமிழில் இதற்குக் கிரேக்கம் தேவையில்லை. 'சுகர் ஏறிப்போச்சு' என்று தினமும் சொல்கிறோம். அதே ஏறு என்ற வினையை வைத்துக் 'கல்லீரல் கொழுப்பேற்றம்' என்றால் போதும். ஈரலின் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்பு ஏறிவிட்டால் அந்தப் பெயர். ஆட்டுக்கறிக் கடையில் நாம் பார்க்கும் ஈரல் கருஞ்சிவப்பாக இருக்கும். கொழுப்பேறிய ஈரல் வெளிறி, மஞ்சள் தட்டி, பிசுபிசுப்பாக இருக்கும்.

சரி, டப்பாவுக்கு வருவோம். அதன்மேல் 'இயற்கை மூலிகை' என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது மூலிகை இல்லை, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின். அதற்குத் தமிழில் சரியான சொல் தாவரச் சேர்மம்.

பள்ளி அறிவியல் புத்தகத்தில் தனிமம், சேர்மம், கலவை என்று மூன்றையும் அடுத்தடுத்துப் படித்திருப்போம். 'சேர்' என்ற வினையடியோடு தனிமம், கனிமம் என்பவற்றில் வரும் அதே ஈறு சேர்ந்து பிறந்த சொல் இது. ஆங்கிலக் 'காம்பவுண்ட்' லத்தீனிலிருந்து வந்தது, அதற்கும் சேர்த்து வைப்பது என்றே பொருள். சிலர் 'கூட்டுப்பொருள்' என்று எழுதுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புடலங்காய்க் கூட்டில் பருப்பு பருப்பாகவும் காய் காயாகவும் கண்ணுக்குத் தெரியும், பிரித்தும் எடுக்கலாம். அது கலவை. சேர்மத்தில் சேர்ந்தவை தம் குணத்தை விட்டுவிட்டுப் புதுப் பொருளாகிவிடுகின்றன. குர்குமினின் ஒரு மூலக்கூறில் 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள். எந்த ஊர் மஞ்சளில் எடுத்தாலும் இதே கணக்குதான். 'ஃபைட்டோகெமிக்கல்' என்பதைத் தாவர வேதிப்பொருள் என்றும் சொல்லலாம், தவறில்லை. ஆனால் சேர்மம் என்றால் பெயரும் எடையும் உள்ள ஒரு குறிப்பிட்ட பொருள் என்பது மனதில் பதிகிறது.

மூலிகை வேறு, சேர்மம் வேறு என்பது ஏன் முக்கியம்? நம் கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும் அணைக்கட்டுப் பக்கம் வரப்பில் நடந்தால் காலடியில் கிடக்கும். ஒரு கிளையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தால், இலை வரிசைக்கு அடியில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை மணிகள் கோத்தது போலத் தொங்கும். கீழே காய்க்கும் நெல்லி, அதனால் கீழ்க்காய்நெல்லி, அதுதான் கீழாநெல்லி. தாவரவியல் பெயர் 'பில்லாந்தஸ் அமாரஸ்'. பில்லாந்தஸ் என்றால் கிரேக்கத்தில் இலைப்பூ, அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. நம் ஆட்கள் காயைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், அவர்கள் பூவைப் பார்த்து வைத்தார்கள். இரு தரப்பும் இலையோரத்தைத்தான் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் செடிக்குள் இருக்கும் சேர்மங்களில் ஒன்று பில்லாந்தின்.

எங்கள் வீட்டில் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். 1988ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது. நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் அதில் இருந்தார். செடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பின்னால் மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. அது கிருமியைப் பற்றிய ஆய்வு. கொழுப்பேற்றத்தில் பெரும்பாலும் கண் மஞ்சளாகாது, ஒரு அறிகுறியும் இருக்காது. காமாலைக்குக் கொடுத்த மருந்து, ஈரல் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு கொழுப்பேற்றத்துக்கும் வந்துவிட்டது. எலிகளில் பலன் தெரிகிறது என்பது உண்மை. மனிதருக்கு இது மருந்து என்று சொல்ல அது போதாது.

இப்போது மஞ்சள் கணக்கு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். வீட்டு ஸ்பூனால் ஒரு ஸ்பூன், ஏறக்குறைய 3 கிராம் போட்டாலும் 90 மில்லிகிராம்தான் வரும். குழம்புக்கு அதுவே அதிகம். கொழுப்பேற்றத்துக்கு நடந்த ஆய்வுகள் பலவற்றில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500லிருந்து 1500 மில்லிகிராம் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் பாதிப்பை ரத்தத்தில் காட்டும் ஈரல் என்சைம் சற்றுக் குறைந்தது என்று சிலவற்றில் வந்திருக்கிறது; அவை சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்தவை. ஆக, 'மஞ்சள் ஈரல் கொழுப்பைக் கரைக்கும்' என்று செய்தி வந்தால், அங்கே பேசப்படுவது நம் அஞ்சறைப் பெட்டி மஞ்சள் இல்லை.

குர்குமின் குடலில் எளிதில் ஏறாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் இருபது மடங்கு கிடைக்கிறது என்று 1998ல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. அதனால்தான் பல காப்ஸ்யூல்களில் மிளகுச் சாரமும் சேர்கிறது. ஆனால் அப்படி ஏற்றிவிட்ட காப்ஸ்யூலைச் சாப்பிட்ட சிலருக்கு ஈரலே வீங்கிய நிகழ்வுகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கின்றன. பச்சைத் தேயிலைச் சாரத்திலும் இதே கதை. செடி இயற்கைதான், ஆனால் பிரித்துச் செறிவாக்கிய சேர்மம் மருந்தைப் போலத்தான் வேலை செய்யும், மருந்தைப் போலவே கெடுக்கவும் செய்யும்.

சேர்மம் மருந்தாவதற்கு நல்ல உதாரணம் பெரியப்பாவின் சட்டைப் பையிலேயே இருந்தது. ஐரோப்பாவில் சர்க்கரைக்குக் கொடுத்த 'கலேகா' என்ற செடியில் கலேஜின் என்ற சேர்மம் உண்டு. சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அதன் உறவுக்காரச் சேர்மமாக 1922ல் ஆய்வகத்தில் உருவானது மெட்ஃபார்மின். அது சர்க்கரை மாத்திரையாக நோயாளி கைக்கு வந்தது 1957ல். இடையில் 35 வருஷம்.

கடைகளில் ஈரலுக்கென்று அதிகம் விற்கும் சிலிமாரின் ஒரு சேர்மம்கூட இல்லை, மத்தியதரைக் கடல் பக்கத்து முட்செடியின் விதையிலிருந்து எடுக்கும் பல சேர்மங்களின் கலவை. மரமஞ்சளின் பெர்பெரின் தனிச் சேர்மம், ஆய்வுகள் நடந்துகொண்டிருக்கின்றன.

பெரியப்பா மறுவாரம் டாக்டரிடம் போனபோது டப்பாவையும் எடுத்துப் போகச் சொன்னேன். டாக்டர் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். உடல் எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை குறைத்தால் ஈரல் வீக்கமே தணியும், முதலில் அதைச் செய்யுங்கள் என்றாராம். இப்போது தினமும் காலை கோட்டை அகழி ஓரமாக நடக்கிறார். வழியில் கீழாநெல்லி தென்பட்டால் ஒரு கிளையைத் திருப்பிக் காயைப் பார்த்துவிட்டு வருகிறாராம்.