குளோவர் வேருக்குள் ஓர் இளஞ்சிவப்பு

"தொழிற்புரட்சி பிரிட்டனில் தொடங்கியதற்கு நிலக்கரியும் ஜேம்ஸ் வாட்டும் மட்டும்தான் காரணமா?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அவ்விரண்டின் பங்கையும் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால், மான்செஸ்டர் ஆலைகளில் நூல் நூற்றவர்களுக்கு யாரோ சோறு போட்டாக வேண்டும். அவர்களோ வயலை விட்டு வந்துவிட்டவர்கள். 1801ஆம் ஆண்டின் முதல் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ 89 லட்சம் பேர் இருந்தனர்; 1851இல் அது 1 கோடியே 79 லட்சம் ஆயிற்று. அதே ஐம்பது ஆண்டுகளில், பிரிட்டனின் உழைப்பாளர்களில் வேளாண்மையை நம்பியிருந்தோர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற நிலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்குக் குறைந்தனர். அயர்லாந்திலிருந்தும் பால்டிக் துறைமுகங்களிலிருந்தும் தானியம் வந்தது உண்மைதான் என்றாலும், உணவின் பெரும்பகுதி உள்நாட்டு மண்ணிலேயே விளைந்தது. வாய்கள் இரட்டிப்பாக, கைகள் விகிதத்தில் குறைய, அந்த மண் எப்படி ஈடுகொடுத்தது?

பழைய முறையில் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தரிசாகப் போடுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, நார்ஃபோக் மாவட்டத்தில் வேரூன்றிய முறையில் தரிசுக்கே இடமில்லை: கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்னும் தீவனச் செடி என நான்கு ஆண்டுச் சுழற்சி. அரசியலிலிருந்து 1730இல் ஒதுங்கித் தன் ரேனம் பண்ணைக்குத் திரும்பிய சார்லஸ் டவுன்ஷெண்ட் பிரபுவுக்கு 'டர்னிப்' டவுன்ஷெண்ட் என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. அவருக்கு முன்பே அக்கம்பக்கத்து உழவர்கள் அதைப் பயிரிட்டு வந்தார்கள் என்பது வேறு. டர்னிப் குளிர்காலத் தீவனமானது. அதன் வரிசைகளுக்கிடையே கொத்திக் களையெடுக்க முடிந்ததால், களையை அழிக்கவென்று நிலத்தைச் சும்மா போடும் தேவையும் குறைந்தது. பொது மேய்ச்சல் நிலங்களை வேலியடைத்துத் தனியுடைமையாக்கிய நாடாளுமன்றச் சட்டங்கள் ஏழை உழவரின் மாட்டையும் விறகையும் பறித்த கதை நீண்டது, கசப்பானது. நான் இங்கே தங்க விரும்புவது சுழற்சியின் நான்காம் ஆண்டில், குளோவரின் வேரில்.

குளோவர் நம் உளுந்து, பயறு ஆகியவற்றின் உறவு. அவரைக் குடும்பத்துச் செடி. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் மூலக்கூறிலுள்ள இரண்டு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால், செடிகளால் அதை நேரடியாகத் தொட முடியாது. அப்பிணைப்பை உடைக்க உரத் தொழிற்சாலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமும் வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். குளோவர் வேர் அதையே ஈர மண்ணின் குளிர்ச்சியில் செய்கிறது, அதாவது, செய்விக்கிறது.

தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்குத் தவிக்கும் வேர் முதலில் ஃபிளேவனாய்டு என்னும் வேதிப்பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணரும் ரைசோபியம் பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு மூலக்கூறை வெளியிட்டுப் பதில் சொல்கிறது. பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல இவை பொருந்தினால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். குளோவருக்குரிய பாக்டீரியா வேறு, சோயாவுக்குரியது வேறு. பொருந்தியதும் வேர்த்தூவியின் நுனி கைத்தடியின் பிடியைப் போல வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்கிறது. அங்கிருந்து உள்நோக்கி ஒரு மெல்லிய குழல் வளர, அதன் வழியே பாக்டீரியாக்கள் வேரின் உட்பகுதிக்குச் செல்கின்றன. அவற்றை வரவேற்க வேர் தன் செல்களைப் பெருக்கி ஒரு முடிச்சைக் கட்டுகிறது. குளோவரின் முடிச்சுக்குள் குடிபுகுந்த பாக்டீரியாக்கள் உருப்பெருத்து, பிளவுபட்டுப் பெருகும் திறனையே இழந்து, நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் ஒரே வேலைக்கு ஆட்படுகின்றன. இதை நட்பு என்று பாடநூல்கள் எழுதுகின்றன. எனக்கென்னவோ கொத்தடிமை முறையின் சாயலும் தெரிகிறது.

இதிலுள்ள பெரிய சிக்கல் இனிமேல்தான் வருகிறது. பிணைப்பை உடைக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறுகள் 16 செலவாகின்றன, அவ்வளவு ஆற்றலைத் திரட்ட பாக்டீரியா சுவாசித்தாக வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றே ஆகாத அறையில் அடுப்பு எரிய வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இது. செடி கண்ட தீர்வு லெக்ஹீமோகுளோபின். பெயரே சொல்வதுபோல நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் சொந்தம். அது ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொண்டு, தனித்து அலையவிடாமல், பாக்டீரியாவின் வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. சுவாசத்துக்குக் குறையில்லை, நொதிக்கும் ஆபத்தில்லை.

இதைக் காண நுண்ணோக்கி தேவையில்லை. காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அது வளர்ந்து பூக்கும் பருவத்தில் ஒரு செடியை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி, நீரில் அலசிப் பாருங்கள். கடுகைப் போலவும் அதனினும் சற்றுப் பெரிதாகவும் முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறமே லெக்ஹீமோகுளோபின். வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. பச்சையாகியிருந்தால் முடிச்சுக்கு வயதாகிவிட்டது.

நார்ஃபோக் உழவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. குளோவரை மாடு மேய்ந்தால் சாணமாகவும், வேரை மடக்கி உழுதால் மட்கியும், அடுத்த கோதுமைக்குத் தழைச்சத்து சேர்கிறது என்ற பயன் மட்டுமே கண்ணில் பட்டது. பயறுவகை மண்ணை வளப்படுத்தும் என்று பண்டைய ரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவும் எழுதியிருக்கிறார். நம் முன்னோருக்கும் அது தெரியும். அதற்காக அவர்களுக்கு நைட்ரஜன் வேதியியலே தெரிந்திருந்தது என்று பரப்பப்படும் செய்திகளை என்னால் ஏற்க முடியாது. பயனை அறிவதற்கும் காரணத்தை அறிவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதற்கு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையே சாட்சி. அதன் உரிமையாளர் ஜான் பென்னட் லாஸ் 1843இல் அங்கே வேதியியலர் கில்பர்ட்டுடன் சோதனைகளைத் தொடங்கினார். 1850களின் இறுதியில் அவர்கள், அமெரிக்கரான ஈவன் பியூவுடன் சேர்ந்து, செடிகள் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கின்றனவா என்று மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்தார்கள். பிழை நேரக் கூடாதென்று மண்ணையே சுட்டெடுத்துப் பயன்படுத்தினார்கள். அவரைக் குடும்பத்துச் செடிகளும் எடுக்கவில்லை என்றே விடை வந்தது. எடுத்துக்கொடுக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சூட்டிலேயே மாண்டிருந்தன! 1886இல் ஜெர்மனியின் ஹெல்ரீகல், வெறும் மணலில் வளர்த்த பட்டாணிக்கு வயல்மண் ஊறிய நீரை ஊற்றினால் செழிக்கிறது, அந்நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் வாடுகிறது என்று காட்டியபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1888இல் டச்சு நுண்ணுயிரியலர் பெய்யரின்க் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ரோதம்ஸ்டெட்டில் 1843இல் விதைத்த கோதுமைச் சோதனை இன்றும் தொடர்கிறது. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை நமக்கும் இருக்கிறது. மூன்றாண்டுக்குள் விடை கேட்கும் இன்றைய நிதித் திட்டங்களில் இப்படி ஒன்றைப் புதிதாகத் தொடங்கவே முடியாது என்பது என் வருத்தம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் குளோவரும் போதவில்லை. 1840களிலிருந்து பெருவின் சிஞ்சா தீவுகளில் வெட்டியெடுத்த கடற்பறவை எச்சம் உரமாகக் கப்பல் கப்பலாக வந்தது. இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்கள் 1846இல் நீங்கியபின் வெளிநாட்டுக் கோதுமையும் பெருகியது. தன் மண்ணின் பசியை அடுத்தவர் மண்ணைக் கொண்டு ஆற்றும் அந்தப் பழக்கத்தின் மறுமுனையில் இந்தியா இருந்தது. இந்திய வேளாண்மையை மேம்படுத்த வழி சொல்லுமாறு 1889இல் அனுப்பப்பட்ட வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், சராசரி ஆங்கில உழவருக்குத் தேர்ந்த இந்திய உழவர் சளைத்தவரல்லர், சிலவற்றில் மேலானவர் என்றும், பயிர்ச் சுழற்சி இங்கே அறியப்படாதது என்று நினைப்பது தவறு என்றும் தம் அறிக்கையில் எழுதினார். எண்ணெய் வித்துகளை முழுதாக ஏற்றுமதி செய்வது நிலத்தின் வளத்தையே ஏற்றுமதி செய்வதாகும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இந்திய ஆளிவிதை கப்பலேறிப் போய், எண்ணெய் பிழிந்தபின் பிண்ணாக்காகி, ஆங்கிலேய மாட்டின் தொட்டிக்குச் சென்று, சாணமாக அங்குள்ள வயலில் விழுந்துகொண்டிருந்தது.