அம்மா இந்தியர், அப்பா வெளிநாட்டவர்: பிள்ளைக்கு முதல் பாஸ்போர்ட் எடுக்கும் முன்

வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், அப்பா நாட்டுப் பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பிறப்பிலேயே இரு நாட்டுக் குடியுரிமையோடு வரும் குழந்தைக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. 18 வயது முடிந்து ஆறு மாதம் வரை அந்தக் குழந்தை இரண்டு நாட்டுக் குடிமகனாகவும் இருக்கலாம். இரண்டு பாஸ்போர்ட் மட்டும் கூடாது. குடியுரிமை வேறு, பாஸ்போர்ட் வேறு என்பது புரியாமல்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன.

3 டிசம்பர் 2004க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு விதி இதுதான். பிறந்த அன்று தாய் தந்தையரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். அந்த ஒருவர் அம்மாவாகவும் இருக்கலாம். 10 டிசம்பர் 1992க்கு முன்பு பிறந்தவர்களுக்குத்தான் அப்பா இந்தியராக இருந்தாக வேண்டும் என்ற பழைய விதி. ஆனால் பெற்றோர் இந்தியர் என்பதால் மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை தானாக வந்துவிடாது. பிறந்து ஓராண்டுக்குள் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் அந்தக் குழந்தை இந்தியக் குடிமகன் இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும். தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டும், காத்திருக்கவும் வேண்டும்.

பதிவுக்கான விண்ணப்பம் 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளில் உள்ள முதலாம் படிவம். அதோடு உள்ளூர் அரசு தந்த பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். குழந்தையிடம் வேறு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். இந்த உறுதிமொழி இல்லாமல் பதிவே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அப்பா நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டு, பிறகு சாவகாசமாக இந்தியத் தூதரகத்துக்குப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட் இருப்பதை மறைத்துக் கையெழுத்துப் போட்டால் குடியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் வரலாம். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் 'கலைச்செல்வி' என்று மட்டும் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. திருமணச் சான்றிதழில் 'கலைச்செல்வி ராமசாமி'. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அந்த நாட்டு எழுத்தர் ராமசாமியைக் குடும்பப் பெயராக்கி முன்னால் போட்டிருப்பார். மூன்று தாளில் மூன்று பெயர். தூதரகக் கவுன்ட்டரில் கோப்பு திரும்பி வர இது போதும். பிரசவத்துக்கு முன்பே அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயரை இரண்டாகப் பிரித்துத் திருத்திவிடுவது நல்லது. நேரமில்லை என்றால் மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று பிரமாணப் பத்திரம் தயார் செய்து கையில் வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழை வாங்கிய இடத்திலேயே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு வருடம் நிறைய நாள் போலத் தெரியும். திருத்தம், மொழிபெயர்ப்பு, அப்பாயின்ட்மென்ட் என்று அது கரைந்துவிடும். ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும்.

இந்தியக் குடியுரிமையா, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளும் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டையா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. குழந்தை எந்த நாட்டில் வளரப்போகிறது என்பதுதான் முடிவு செய்யும். அமெரிக்காவில் பிறந்தால் அந்த மண்ணில் பிறந்ததாலேயே அமெரிக்கக் குடிமகன். அமெரிக்கக் குடிமக்கள் நாட்டுக்குள் வரவும் வெளியே போகவும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அப்படியானால் இந்தியப் பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வாழ்வது நடைமுறையில் ஆகாத காரியம். ஜெர்மானியத் தந்தைக்கு ஜெர்மனியில் பிறந்த குழந்தைக்கும் இதே நிலைதான். ஜெர்மனி 27 ஜூன் 2024 முதல் பல குடியுரிமைகளைப் பொதுவாகவே அனுமதிக்கிறது. ஆனாலும் தடை இந்தியப் பக்கத்தில் இருப்பதால் அதில் நமக்கு எதுவும் மாறவில்லை. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஓசிஐதான் சரி என்பது எங்கள் கருத்து.

இந்தியப் பதிவு உண்மையில் பயன்படுவது வளைகுடா போன்ற இடங்களில். துபாயில் இந்திய அம்மாவுக்கும் பிலிப்பைன்ஸ் அப்பாவுக்கும் பிறக்கும் குழந்தைக்கு அந்த மண் குடியுரிமை தராது. குழந்தை இந்தியப் பாஸ்போர்ட்டில் ரெசிடென்ஸ் விசா பெற்று வாழலாம். அப்பா வழிக் குடியுரிமை பாஸ்போர்ட் எடுக்கப்படாமல் சும்மா கிடக்கும். ஓரிரு ஆண்டில் ஊர் திரும்பி, பிள்ளையைத் தமிழ்நாட்டில் படிக்க வைக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். சிறுவருக்கான இந்தியப் பாஸ்போர்ட் ஐந்தாண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். 18 முடிந்த ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். தவறினால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். யாரும் கடிதம் போட்டு நினைவூட்ட மாட்டார்கள்.

ஓசிஐ என்பது பெயரில்தான் குடியுரிமை. உண்மையில் அது ஆயுள் முழுவதும் செல்லும் விசா. பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே சிறுவருக்குக் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டுப் பெற்றோரோ அவரது முன்னோரோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் கிடைக்காது. வெளிநாட்டில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 275 டாலர், இந்தியாவில் 15,000 ரூபாய். கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்கு இடது பெருவிரல் ரேகை. 20 வயது வரை ஒவ்வொரு முறை புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அதன் நகலையும் புதுப் படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. 20 வயதுக்குப் பின் எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடவை மட்டும் அட்டையையே மாற்ற வேண்டும்.

ஓட்டு இல்லை, பொதுவாக அரசு வேலையும் இல்லை என்பது பலருக்குத் தெரியும். நிலம் பற்றித்தான் தெரிவதில்லை. ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது, வாரிசாகப் பெறலாம். தஞ்சாவூர்த் தாத்தா தன் நஞ்சையைப் பேரன் பெயருக்கு இப்போதே தான செட்டில்மென்ட் எழுதினால் அது அந்நியச் செலாவணி விதிக்கு முரண். அதையே உயிலாக எழுதினால் அவர் காலத்துக்குப் பின் பேரனுக்கு வரும். பத்திரம் எழுதப் போகும் முன் தாத்தாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

படிப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 4 மார்ச் 2021 அறிவிப்பின்படி, நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகள் வழியாக ஓசிஐ மாணவர்கள் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) இடங்களுக்கும் கூடுதல் இடங்களுக்கும் மட்டுமே தகுதி பெறுவார்கள். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களை இது கட்டுப்படுத்தாது என்று 3 பிப்ரவரி 2023 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அட்டை வாங்கும் குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. பிள்ளையைத் தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க வைக்க நினைப்பவர்கள் என்ஆர்ஐ இடத்தின் கட்டணத்தை இப்போதே விசாரித்துக்கொண்டு, முதல் பிறந்தநாளுக்கு முன்பே எந்த வழி என்று தீர்மானிக்க வேண்டும்.

பதிவு செய்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்த பிறகு மனம் மாறினால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதன் பிறகே ஓசிஐக்கு விண்ணப்பியுங்கள். பழைய பாஸ்போர்ட் பீரோவில் கிடக்கட்டும் என்று விட்டால் பின்னாளில் ஓசிஐ விண்ணப்பம் அதைக் கேட்டே நிற்கும்.