கண்ணோரச் செம்மச்சம்: ஆறாவது வாரத் தடுப்பூசியன்றே பாருங்கள்

பிறந்தபோது கொசுக்கடி போலத் தெரிந்த சிவப்பு, ஒன்றரை மாதத்தில் இமைமேல் தடித்து நிற்கும். இந்த ரத்தக்குழாய்க் கட்டி வேகமாக வளர்வது ஐந்தாவது வாரம் முதல் எட்டாவது வாரத்துக்குள். நீலகிரி மலையின் கூடலூர், பந்தலூர் எஸ்டேட் குழந்தைகளும் 6-வது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் வருவார்கள். அன்றே கண்ணையும் காட்டிவிடுங்கள். "வளர வளர மங்கிடும்" என்பது உண்மைதான். ஆனால் கட்டி மங்குவதற்குள் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கப் பழகிவிட்டால், பார்வை தானாகத் திரும்பாது.

கட்டி கண்ணை மூடினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கண் நன்றாகத் திறந்திருந்தாலும், மேலிமைக் கட்டி கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றும். அந்த ஒரு கண்ணில் மட்டும் சிலிண்டர் பவர், அதாவது வளைவு சீரில்லாததால் பார்வை மங்கும் குறை, ஏறும். வெளியே எதுவும் தெரியாது.

பேசத் தெரியாத குழந்தைக்கும் பார்வையைச் சோதிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கோடு போட்ட சாம்பல்நிற டெல்லர் அட்டையை 38 செ.மீ. தூரத்தில் பிடிப்போம். கோடு தெரிந்தால் குழந்தையின் பார்வை அந்தப் பக்கம் போகும். அட்டையின் நடுத்துளை வழியே அதைக் கவனிப்போம். ஒவ்வொரு கண்ணாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மறைத்துவிடும். நல்ல கண்ணை மூடும்போது மட்டும் குழந்தை சிணுங்கித் தலையைத் திருப்பினால், மற்றதில் பார்வை குறைவு என்று சந்தேகிக்கலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ரெட்டினோஸ்கோப் என்ற ஒளிக்கருவியில் பவர் பார்ப்பது. விடிகாலை பஸ்ஸில் கோவைக்கு இறங்கிய களைப்பில் தூங்கி வழியும் குழந்தையிடம் அட்டைச் சோதனை பலிக்காது. பால் கொடுத்து, சற்றுத் தூங்கவைத்து, விழித்தபின் அழைத்து வாருங்கள்.

கட்டியைச் சுருக்க புரோப்ரனலால் என்ற மருந்தைத் தந்திருந்தால், வெறும் வயிற்றில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, பாலும் குடிக்கவில்லையா? அந்த வேளை மருந்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சிளைப்பு இருந்தாலும் அப்படியே. குறையுள்ள கண்ணைப் பழக்கக் கண்ணாடியோ, நல்ல கண்ணை மூடும் ஒட்டுப்பட்டையோ சொன்னால், கட்டி சுருங்கியதைக் கண்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தடிக்காமல், பிறவியிலேயே தட்டையாக நெற்றியிலும் இமையிலும் படர்ந்த கருஞ்சிவப்பு மச்சம் வேறு வகை. அது மங்காது, கண் அழுத்தம் ஏறலாம். கண்ணில் நீர் வழிந்தால் ஊட்டிக் குளிர்காற்று என்று விட்டுவிடுகிறார்கள். இப்படி நீர் வழிவது, வெளிச்சத்துக்குக் கண் கூசுவது, ஒரு கருவிழி மட்டும் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். எதுவும் தெரியாவிட்டாலும், இந்த மச்சமுள்ள குழந்தைக்குக் கண் அழுத்தப் பரிசோதனை முதல் மாதங்களிலேயே தொடங்கி, வளர்ந்த பிறகும் தொடர வேண்டும்.