ஹிட்ச்: இழுவைக் கொளுக்கி

காரின் பின்னால் பயண டிரெய்லரைப் பிணைத்து இழுத்துச் செல்ல உதவும் இரும்பு அமைப்பை ஆங்கிலத்தில் ஹிட்ச் என்கிறார்கள். முதலில் வெட்டென இழுத்து அசைப்பதைக் குறித்த இச்சொல், கப்பலோட்டிகளிடம் கயிற்றைத் தறியிலோ வளையத்திலோ மாட்டும் முடிச்சின் பெயராகி, குதிரையை வண்டியில் பூட்டுவதையும் குறித்து, இன்று ஒரு வண்டியோடு இன்னொன்றைச் சேர்க்கும் பொறிக்கும் பெயராக நிற்கிறது. அகராதியில் எளிதில் கண்ணில் படும் ‘தடங்கல்’ என்ற பொருள் இங்கே பொருந்தாது.

சேலம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகும் டிராக்டர்க்காரர்கள் டிரெய்லரை ‘மாட்டுகிறார்கள்’, ‘கழற்றுகிறார்கள்’. மாட்டும் உறுப்பு அவர்களுக்கு ஹூக், அல்லது பின் (துளையில் செருகும் இரும்பு ஊசி). இதைப் பார்த்து ஹிட்சைக் ‘கொக்கி’ என்று பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கொக்கி என்பது வளைந்த வடிவத்தின் பெயர், காரில் வருவதோ உருண்டையான குண்டு. கொளுவுதல் (மாட்டுதல்) என்ற வினை வடிவத்தைச் சொல்லாமல் செயலைச் சொல்கிறது. இலங்கைத் தமிழர் பேச்சில் அது இன்றும் அன்றாடச் சொல். அதிலிருந்து வரும் கொளுக்கியோடு இழுவையைச் சேர்த்து ‘இழுவைக் கொளுக்கி’ என்பதே தக்க பெயர் என்று கருதுகிறேன். வினைக்குப் ‘பூட்டுதல்’ போதும். ஏர் பூட்டுவதிலும் வண்டி பூட்டுவதிலும் வாழ்ந்த சொல் அது. செய்யுளின் ஈற்றையும் முதலையும் இணைத்துப் பொருள் கொள்வதை நன்னூல் என்னும் இலக்கண நூல் பூட்டுவில் என்றே அழைக்கிறது. பெயர்ச்சொல்லாகப் ‘பூட்டு’ என்றால் மட்டும் குழப்பம் வரும், ஏனெனில் திருட்டைத் தடுக்க ஹிட்சுக்கென்றே தனிப் பூட்டு உண்டு.

உறுப்புகளுக்கும் மாட்டு வண்டியிலேயே சொல் கிடைக்கிறது. டிரெய்லரின் முன்னே நீளும் தண்டை ஆங்கிலம் நாக்கு என்கிறது; நமக்கு அது ஏர்க்கால். அதன் நுனியில் குண்டைப் பற்றிக்கொள்ளும் கிண்ணத்தைக் கவ்வி எனலாம். ஏர்க்கால் குண்டின் மேல் அழுத்தும் எடைக்கு வண்டிக்காரர்கள் வைத்த பெயர் இன்னும் அருமையானது: முன்பாரம். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு மேலே எழும், முன்பாரம் மிகுந்தால் கழுத்தை அமுக்கும் என்பதை அறிந்தே அவர்கள் மூட்டைகளை அடுக்கினார்கள். டிரெய்லரிலும் விதி இதுதான். அமெரிக்க நடைமுறையில் டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். அதாவது 1,000 கிலோ டிரெய்லருக்கு 100 முதல் 150 கிலோ, அதுவும் காரும் கொளுக்கியும் தாங்கும் வரம்புக்குள். முன்பாரம் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடி தளரும்.

குண்டு ஏன் உருண்டையாக இருக்கிறது என்பதை ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் உணரலாம். அங்கே வண்டி திரும்பும்போதே ஏறவும் சாயவும் வேண்டும். குண்டும் கவ்வியும் இம்மூன்று அசைவுகளுக்கும் இடம் தருகின்றன. டிராக்டரில் செருகும் பின்னோ, துளையில் விட்ட இடைவெளியை நம்பியே அசைகிறது, ஆகவேதான் அந்தக் கடகடப்பு.

நீங்களே பொருத்துவதானால், கார் உற்பத்தியாளர் சேசிஸில் குறித்த துளைகளில் மட்டுமே போல்ட்டுகளைப் போட்டு, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் அவர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். பம்பரில் வெல்டிங் வைத்துக் கொளுக்கியைப் பொருத்தவே கூடாது, பம்பர் இழுவைக்காகச் செய்யப்பட்டதன்று. குண்டின் விட்டமும் கவ்வியில் பொறித்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் குண்டும் 2 அங்குலக் குண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் வேறு வேறு அளவுகள். டிரெய்லரைக் காரோடு கூடுதலாகப் பிணைக்கும் இரண்டு காப்புச் சங்கிலிகளையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கவ்வி கழன்றாலும் ஏர்க்கால் சாலையில் குத்தாமல் சங்கிலியின் மேல் தங்கும்.

முதல் பயணத்தில் சற்றுத் தொலைவு ஓடியதும் நட்டுகளை மறுபடி சோதிப்பது கட்டாயம். குண்டில் தடவிய கிரீஸில் மண் ஒட்டினால் அது உப்புத்தாள்போல் குண்டைத் தேய்க்கும். எனவே பழையதை முழுக்கத் துடைத்த பிறகே புதியதைத் தடவுங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மழையிலும் பனிமூட்டத்திலும் போய் வந்தால், டிரெய்லர் விளக்குகளுக்கான பிளக்கைத் திறந்து ஈரம் உலர்த்தி, முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.